நெல்லுக்கு ஒரு கணக்கு, பாசிக்கு ஒரு கணக்கு

நாகர்கோவிலில் இருந்து தேரூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னலோரம் தெரிவது வயல். பேச்சிப்பாறைத் தண்ணீர், கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம். இறங்கி வரப்பில் நின்று பார்த்தால் நெல்லின் காலடியில் இன்னொரு பச்சையும் தெரியும். அதுதான் பாசி. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே தொழில்: கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிச் சர்க்கரையாக்குவது. ஆனால் கொள்முதல் செய்கிற விதம்தான் வேறு வேறு!

முதலில் நெல்லின் கணக்கைப் பார்ப்போம். காற்றில் 10,000 பங்கு எடுத்தால் கார்பன் டை ஆக்ஸைடு 4 பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆக்ஸிஜனோ சுமார் 2,100 பங்கு. அந்த 4 பங்கு சரக்கு இலைத்துளை வழியாக நுழைந்து, செல்லின் ஈரச்சுவரில் கரைந்து, சவ்வுகளைத் தாண்டிக் குளோரோபிளாஸ்ட்டுக்குள் (பள்ளிக்கூடத்தில் பசுங்கணிகம் என்று படித்தது) போய்ச் சேர வேண்டும். இழுத்துக் கொண்டு வர ஆள் கிடையாது. மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி தானாக வந்தால்தான் உண்டு.

உள்ளே அதை வாங்கிக் கொள்வது ருபிஸ்கோ என்ற நொதி. மகா மந்தம். ஒரு நொடிக்கு மூன்று மூலக்கூறு அளவில்தான் வேலை நடக்கும். அதைவிட மோசம், கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பதில் ஆக்ஸிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான பகலில் நான்கில் ஒரு தடவை வரை இப்படித் தப்புப் பதிவு விழுகிறது. அதைத் திருத்தச் சக்தி செலவு, ஏற்கெனவே சேர்த்த கார்பனிலும் கொஞ்சம் வெளியே போய்விடும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். வெயில் ஏற ஏறத் தப்பும் ஏறும். ஆள் மந்தம் என்பதால் நெல் ருபிஸ்கோவை ஏராளமாகச் செய்து வைக்கிறது. இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால்வாசி அதற்கே போகிறது. விவசாயி காசு கொடுத்துப் போடும் யூரியாவில் ஒரு பங்கு இந்தச் சோம்பேறியின் சம்பளம் :)

இனி பாசி. தண்ணீருக்குள் இந்த வாயு நகரும் வேகம் காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உச்சி வெயிலில் பாசி இருப்பதையெல்லாம் உறிஞ்ச, வயல் தண்ணீர் காரமாகிறது. பி.ஹெச். 9-ஐயும் தாண்டும். (தண்ணீர் மேல் தூவிய யூரியா அம்மோனியாவாகப் பறந்து போவதற்கும் இது ஒரு காரணம்.) அப்போது மிச்சமிருக்கும் கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாக இருக்கிறது. மின்னூட்டம் உள்ளது என்பதால் அது சவ்வைத் தானாகத் தாண்டாது.

பாசி என்ன செய்கிறது? செலவு செய்கிறது! சக்தியைக் கொடுத்து பைகார்பனேட்டை உள்ளே இழுக்கிறது. பச்சைப் பாசிக்குக் குளோரோபிளாஸ்ட்டின் உறையிலும் அதற்கென்று வாசல் உண்டு. உள்ளே பைரினாய்டு என்ற சின்ன அறையில் ருபிஸ்கோ அடைந்து கிடக்கும். அங்கே பைகார்பனேட்டைத் திரும்பக் கார்பன் டை ஆக்ஸைடாக்கிக் குவித்தால், ஆக்ஸிஜன் நுழைய இடமே இல்லை. முதல் போட்டு நஷ்டத்தைத் தடுத்த வியாபாரம். கரும்பும் மக்காச்சோளமும் வேறொரு வழியில் இதையேதான் செய்கின்றன.

அந்த வித்தையை நெல்லுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாதா? பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2008-இல் தொடங்கிய முயற்சி, மக்காச்சோளத்தின் வழியை நெல்லுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. 2014-இல் நீலப்பச்சைப் பாசியின் ருபிஸ்கோவைப் புகையிலைக்குள் வைத்துக் காட்டினார்கள். செடி வளர்ந்தது, ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு அதிகமாக ஊட்டிய அறையில்தான். ஆளை மாற்றியாயிற்று, இழுத்து வருகிற வாசல் இன்னும் வைக்கவில்லை. விவசாயி கைக்கு இன்னும் விதை வரவில்லை.

ஒருநாள் வரலாம். நாஞ்சில் நாட்டு மண்ணுக்கு ஏற்ப அதைப் பக்குவப்படுத்த, டி.பி.எஸ். ரகங்களைத் தந்த திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் விதைக்க வயல் வேண்டுமே? நெல் கட்டுப்படியாகவில்லை என்று வயல்கள் வாழையாகி, தென்னையாகி, கடைசியில் பிளாட்டாகிக் கொண்டிருக்கின்றன. குளோரோபிளாஸ்ட்டில் ஒரு வாசல் வைக்கப் பல வருஷ ஆராய்ச்சி வேண்டும். வயலைப் பத்திரம் முடிக்க ஒரு காலைப் பொழுது போதும்.