தூண்டில் போடுமுன்...

"மீன் வேணுமெண்டால் கடையிலை வாங்கலாம்தானே? அதுக்கு ஏன் அஞ்சு மணித்தியாலம் ஓட வேணும்?"

டொரண்டோவில் என் கல்லூரித் தோழியின் வீட்டுச் சமையலறையில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவளுடைய மாமியார். வயது எழுபத்திரண்டு. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நாங்கள் புறப்படுவதென்று தீர்மானித்துவிட்டோம். தோழி, அவள் கணவர், பன்னிரண்டு வயதுப் பையன், மாமி, விருந்தாளியாகச் சென்னையிலிருந்து வந்திருந்த நான் - ஆக ஐந்து பேர். 2024 மே மாதம், மூன்றாவது சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைக்கு என்ன விசேஷம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாசக சகோதரிகளே, கனடாவில் மகனோ மகளோ இருக்கும் தாய்மார்கள் உங்களில் எத்தனையோ பேர். கோடை விடுமுறைக்கு அங்கே போனால், "அம்மா, ஏரிக்கரை விடுதிக்குப் போய் மூன்று நாள் தங்கி மீன் பிடித்துவிட்டு வரலாம், வா" என்று ஒரு நாள் அழைப்பு வந்தே தீரும். அப்போது இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவக்கூடும். மீன் சாப்பிடாதவர்களும் படிக்கலாம். தண்ணீருக்குச் சைவம் அசைவம் தெரியாது.

எந்த ஏரி?

ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டரை லட்சம் ஏரிகளுக்கு மேல் இருக்கின்றன. நாங்கள் தேர்ந்தெடுத்தது நிப்பிசிங் ஏரி. டொரண்டோவிலிருந்து வடக்கே சுமார் 350 கிலோமீட்டர். பரப்பு 873 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டை அதற்குள் இறக்கி வைத்தாலும் மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்! ஆனால் சராசரி ஆழம் நாலரை மீட்டர்தான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிவைத்தது போன்ற ஏரி. இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள். கதையின் நடுவே இது திரும்பி வரும்.

ஏரியின் கரையில் நிப்பிசிங் என்ற ஆதிகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மீன் பிடித்து வருகிறார்கள். 1615-இல் சாம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரர் தோணியில் இந்த வழியாகப் போனார். அவருக்குத் தூண்டில் லைசென்ஸ் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

முதலில் காகிதம்

கனடாவாசிகளில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் உரிமச் சீட்டு வாங்க வேண்டும். 65 ஆனவர்களுக்கு வேண்டியதில்லை. வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும். "இந்த நாட்டிலை கிழவியாய் இருக்கிறதிலை ஒரு லாபம்" என்றார் மாமி. நம்மைப் போன்ற வெளிநாட்டார் தனியே சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் வாங்கும் வசதியும் உண்டு. சீட்டு இல்லாமல் தூண்டிலைத் தொடாதீர்கள். அபராதத் தொகையில் ஒரு பட்டுப்புடவை வாங்கிவிடலாம்.

அடுத்தது காலம். அந்த வட்டாரத்தில் 'பிக்கரல்' என்று செல்லமாக அழைக்கப்படும் மீனுக்குத்தான் மவுசு. வசந்தத்தில் அது முட்டையிடும் பருவத்தில் பிடிக்கக்கூடாது. மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமைதான் தடை நீங்கும் நாள். அன்று கரையெங்கும் திருவிழாக் கூட்டம்! ஆகவே விடுதிக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்.

நிப்பிசிங்கில் இந்த மீன் குறைந்துபோனதால், 46 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டுமென்று 2014-இல் கட்டுப்பாடு வந்தது. ஒரு தடவையாவது குஞ்சு பொரித்துவிட்டுப் போகட்டும் என்ற கருணைதான். அளவும் எண்ணிக்கையும் ஏரிக்கு ஏரி வேறு. ஆண்டுதோறும் அரசாங்கம் வெளியிடும் விதித்தொகுப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பெட்டியில் ஓர் அளவுநாடா இருக்கட்டும். தையல் பெட்டியில் இருக்கிறதே, அதே நாடாதான்.

பெட்டிக்குள் என்ன?

மே மாதம் என்றதும் நம் ஊர்க் கத்திரி வெயிலை நினைத்துவிடாதீர்கள். ஏரியில் பனிக்கட்டி உருகியே சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். ஆகவே கம்பளிச் சட்டை, கம்பளிக் காலுறை, மேலே மழைக்கோட்டு. மாற்றுத் துணி ஒரு செட் தனிப் பையில் இருக்கட்டும்.

இன்னொரு தொல்லை, கறுப்பு ஈ. மே, ஜூன் மாதங்களில் பகலெல்லாம் கூட்டம் கூட்டமாக வரும். காதோரத்தில் கடித்தால் ரத்தம் வழியும். இதற்கு அடர்ந்த நிறங்கள் பிடிக்கும். நான் ஆசையாகக் கொண்டுபோன கருநீலச் சட்டையை அவை என்னைவிட அதிகமாக ரசித்தன! வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, தலையில் துணி - இவையே கவசம்.

தூண்டில் சாமான்கள் அதிகம் வேண்டாம். ஆறரை அடிக் கோல் ஒன்று, எட்டு ராத்தல் பாரம் தாங்கும் நூல், எடை கோத்த முள் சில, கைவலை, நீண்ட மூக்குக் குறடு. 'பைக்' என்னும் மீனும் இந்த ஏரியில் உண்டு. அதன் பற்கள் நூலைக் கத்தரித்துவிடும். அதற்கு நுனியில் சிறு கம்பி கட்ட வேண்டும். ஈயக் குண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். உதிர்ந்த ஈயத்தை விழுங்கி 'லூன்' என்ற நீர்ப்பறவைகள் சாகின்றன. 1987 முதல் கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் நீந்திக்கொண்டிருப்பது அந்தப் பறவைதான். இரவில் அதன் கூவல் கேட்டால் யாரோ தூரத்தில் அழுவது போலிருக்கும். பயப்படாதீர்கள்.

இரைக்கு மண்புழு. அதை மண்ணோடு கொண்டுபோகாமல், கிழித்த காகிதத் துண்டுகளில் பொதிந்து எடுத்துப்போவதே முறை. எங்கள் புழுக்கள் தோழியின் குளிர்ப்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வாசம் செய்தன. அதைப் பற்றி அவள் தன் கணவரிடம் பேசியவற்றை அச்சில் ஏற்ற இயலாது.

சமையல் பொறுப்பை மாமி ஏற்றுக்கொண்டார். விடுதிக் குடிலில் அடுப்பும் பாத்திரமும் குளிர்ப்பெட்டியும் இருந்தன. வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், பழப்புளி, தேங்காய்ப்பால் மா, அரிசி எல்லாம் அவருடைய கூடையில். "படகிலை நான் ஏற மாட்டன். சமைச்சு வைக்கிறன். அதுக்காகத்தான் வாறன்" என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

காரணத்தைத் தோழி என்னிடம் தனியாகச் சொன்னாள். 1979-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில் மாமியின் கணவர் வள்ளத்தில் கடலுக்குப் போனார். திரும்பவில்லை. அப்போது மகனுக்கு நாலு வயது. அதன் பிறகு நாற்பத்தைந்து வருஷமாக மாமி எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. "மீன் கறி வைப்பார். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்" என்றாள்.

படகுத்துறையில்

முதல் நாள் அதிகாலை. பிக்கரலின் கண்ணுக்குப் பின்னால், பூனைக்கு இருப்பது போல, ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. அதனால் மங்கல் வெளிச்சத்தில்தான் அது வேட்டைக்கு வரும். நாமும் விடியலிலும் அந்தியிலும்தான் போக வேண்டும். மரத் துறையில் பதினாறடி அலுமினியப் படகு காத்திருந்தது. எல்லோரும் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் அதை இருக்கைக்கு அடியில் போட்டேன். புகைப்படத்தில் பூசணிக்காய் மாதிரி இருக்குமே என்ற கவலை! பெரியவர்கள் படகில் வைத்திருந்தால் போதும், மாட்டியே ஆக வேண்டுமென்று சட்டமில்லை என்றும் எங்கோ படித்திருந்தேன்.

படகு நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கயிற்றை மாமி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, சட்டையைப் போடு. போடாட்டி இறங்கு."

"கரையோரமாகத்தானே போகிறோம், மாமி? இது ஏரிதானே!"

"கரை தெரியேல்லை. இதையோ ஏரி எண்டு சொல்லுறாய்? தண்ணிக்கு எல்லாம் ஒண்டுதான்."

குரலை உயர்த்தவில்லை. கயிற்றை விடவும் இல்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். பையன் மட்டும், "அப்பம்மாவோடை கதைச்சு வெல்லேலாது, அன்ரி" என்று ஆறுதல் சொன்னான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு மீன் கிடைத்தன. நாடா வைத்துப் பார்த்தோம். ஒன்று தேறியது, மற்றது ஏரிக்கே திரும்பிப் போனது. பிறகு மேற்கிலிருந்து காற்று எழும்பியது. தாம்பாள ஏரி என்றேனே! ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி வரும். பத்து நிமிஷத்துக்குள் படகு குதிரையாகிவிட்டது. தோழியின் கணவர் மூக்கை அலைக்கு நேராக வைத்து மெள்ள மெள்ள ஓட்டினார். முழுக்க நனைந்து துறையை அடைந்தோம்.

"அப்பாடா!" என்று எழுந்து, ஒரு காலைத் துறையில் வைத்தேன். படகு விலகியது. அடுத்த கணம் இரண்டுக்கும் நடுவே நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ ஓங்கிக் குத்தியது போலிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன், இழுக்கிறேன். வெளியே விட வரவில்லை. எனக்கு நீச்சல் தெரியும். அந்த நிமிஷம் நீச்சல் என்ற சொல்லே நினைவில் இல்லை. சட்டை மட்டும் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தியது. பிறகு ஒரு கை என் தோள்பட்டையைப் பற்றி இழுத்தது. துறைப் பலகையில் மண்டியிட்டிருந்தார் மாமி.

கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது விடுதிக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: ஒன்று, பத்து, ஒன்று. குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சை வசப்படுத்த. அடுத்த பத்து நிமிஷம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். நீந்தத் தெரிந்தவர்களும் முதல் நிமிஷத்திலேயே தண்ணீர் குடித்து மூழ்குகிறார்கள். இங்கிருந்து வடக்கே திமிஸ்கமிங் ஏரியில் 1978 ஜூன் 11 அன்று தோணிகள் கவிழ்ந்து 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். நீரின் குளிர்தான் முக்கியக் காரணம். ஜூன் மாதத்தில்! ஆகவே சட்டை மாட்டினால் மட்டும் போதாது. காற்று எழும்புமுன் திரும்பிவிடவும் வேண்டும்.

அடுப்படியில்

பிக்கரலுக்கு முள் குறைவு. வெண்ணிறமான, மணம் அதிகமில்லாத சதை. மாமி அதில் பாதியைப் பொரித்து, பாதியைப் புளி விட்டுக் குழம்பு வைத்தார். இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. பெரிய வேட்டை மீன்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கழுவினாலும் சமைத்தாலும் போகாது. எந்த ஏரியில் எந்த மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒண்டாரியோ அரசாங்கம் அட்டவணை வெளியிடுகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள். இரண்டாவது, ஊருக்குக் கொண்டுபோகும் மீன் துண்டில் கொஞ்சம் தோலை விட்டுவைக்க வேண்டும். என்ன மீன், எத்தனை என்று அதிகாரி கேட்டால் தெரிய வேண்டுமல்லவா? சுத்தம் செய்வதற்கு விடுதியிலேயே தனிக் குடில் இருக்கும். கழிவைக் குடில் வாசலில் போட்டால் கரடி விருந்துக்கு வரும்.

கடைசி நாள் அந்தி

காற்று அடங்கி ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. படகுக்குக் கிளம்பினோம். மாமி பின்னாலேயே துறைக்கு வந்தார். மறுபடியும் சட்டைகளைச் சோதிக்க வருகிறார் என்றே நினைத்தேன். பேரனுடைய வாரை இழுத்துப் பார்த்தார். என்னுடையதையும் இழுத்துப் பார்த்தார். பிறகு, ஏரியைப் பார்த்தபடியே, "எனக்கு அளவான சட்டை இருக்கோ? கேட்டுப் பார்" என்றார்.

பையன் ஓடிப் போய் மூன்று சட்டை கொண்டுவந்தான். இரண்டாவது சரியாக இருந்தது. மகன் கை கொடுத்தார். மாமி ஏறி உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை.

கரையோரமாகவே அரை மணி நேரம் சுற்றினோம். மாமி தூண்டிலைத் தொடவில்லை. ஒரு கையை மட்டும் தண்ணீரில் அளையவிட்டபடி வந்தார். திரும்பித் துறையில் இறங்கியதும் ஈர விரலை உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல தண்ணிதான். ஆனால் உப்பில்லை" என்றார்.