சாயம் ஏறும் சாலை

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒரு பிளேன்டீ குடித்தேன். கறுகறுவென்று, சீனி தூக்கலாக. ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் புறப்படும் பஸ் சுமார் 77 கிலோமீட்டர் வளைந்து வளைந்து 1,868 மீட்டருக்கு ஏறுகிறது. ஏற ஏற, கோப்பையில் சாயம் இறங்கும் என்று அப்போது தெரியாது.

பேராதனையிலிருந்து கம்பளை வரை மகாவலி ஆறு துணைக்கு வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் தலைநகராக இருந்த கம்பளையில் இன்று பஸ் சற்று மூச்சு வாங்குகிறது. அதன்பின் ஏற்றம்தான்.

புசல்லாவையில் இறங்கிவிட்டேன். ஒரே தெரு, இரு பக்கமும் கடைகள், பின்னால் தேயிலை. சாப்பாட்டுக் கடையில் கல்லில் சுட்ட தேங்காய் ரொட்டி வந்தது, ஓரம் கருகி, நடுவில் தேங்காய்ப்பூ விரவி. கூடவே கட்டச்சம்பல்: செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் இடித்து, தேசிக்காய் பிழிந்தது. கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தும் கடைக்கார அம்மா, "இன்னுங் கொஞ்சம் போடவா தம்பி?" என்றார்.

இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் 1841இலேயே சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தார் தோட்டக்காரர் மொரிஸ் டி வோர்ம்ஸ். ஆனால் அன்று மலையெங்கும் கோப்பிதான் ராசா. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். இரண்டே ஆண்டில் இலைநோய் வந்து கோப்பியைத் தின்னத் தொடங்கியது. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் கொழுந்து பறிக்கக் கற்றார்கள்.

மறுபடி பஸ் ஏறி மேலே போகும்போது பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம். ரம்பொடையில் 109 மீட்டர் அருவி, மலையைத் துளைத்த சுரங்கப்பாதை, ஆஞ்சநேயர் கோயில். ஒரு வளைவில் பூங்கொத்து நீட்டிய பையனிடம் யாரும் வாங்கவில்லை. அடுத்த வளைவில் அவனே மூச்சிரைக்க நின்றான்! பஸ் சுற்றி வந்த மலையை அவன் குறுக்குப் படியில் கடந்திருந்தான். மூன்றாவது வளைவில் வாங்கிவிட்டேன்.

லபுக்கலையில் கொடுத்த தேநீர் இளஞ்சிவப்பு. 1,200 மீட்டருக்கு மேல் குளிரில் மெதுவாக வளரும் கொழுந்துக்கு நிறம் குறைவு, மணம் அதிகம்.

நுவரெலியாவில் 1848இல் ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைப் படைக்க முயன்றார். 1873இல் கிரகரி வாவி, 1889இல் கோல்ஃப் மைதானம், ஏப்ரலில் குதிரைப் பந்தயம் என்று அந்தக் கனவு நீண்டது. கரட்டும் லீக்ஸும் இங்கே ஊர்ப் பயிராகிவிட்டன. ஆனாலும், ஆல்ப்ஸ் மலையூருக்குப் போகிறவர் அந்த மலையில் மேய்ந்த மாட்டின் பாற்கட்டியைக் கேட்பதுபோல, இங்கு வருகிறவர் கேட்பது இந்த மலைத் தேநீரை.

விடுதியில் பொன்னிறத் தேநீர் கொண்டுவந்த இளைஞரிடம் ஊரைக் கேட்டேன். புசல்லாவைப் பக்கத் தோட்டமாம். "வீட்டுலயும் இதுதானா?"

சிரித்துவிட்டார். "வீட்டுல தூள்தாங்க. இதுல எங்க சாயம் ஏறுது?"