சக்திமான் வராத நாள்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடரை மறுபடியும் ஒளிபரப்பினார்கள். பழவேற்காட்டுக் குப்பத்தில் அக்காள் தங்கைகளாகிய நாங்கள் மூவரும் தவறாமல் பார்த்தோம். இந்தி புரியாவிட்டால் என்ன? முன்பின் அறியாதவர் ஆபத்தில் தவித்தால், சக்திமான் சுழன்று வந்து காப்பாற்றிவிடுவார்!

1997-இல் இத்தொடர் தொடங்கிய பிறகு, அவர் வருவாரென நம்பிச் சிறுவர்கள் சிலர் ஆபத்தில் சிக்கியதாகச் செய்திகள் வந்தனவாம். அப்படிச் செய்யாதீர்கள் என்று நடிகர் முகேஷ் கன்னாவே குழந்தைகளுக்குச் சொன்னாராம்.

"அப்படியானால் நிஜத்தில் யார்தான் வருவார்கள்?" என்று அப்பாவைக் கேட்டோம்.

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பா, 2011 டிசம்பர் 25-ஐப் பற்றிச் சொன்னார். அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தோரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஒருவரிடமும் மிதவைச் சட்டை இல்லை.

"சேதி கேட்டதும் படகெடுத்து ஓடினோம். யார், எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் நேரம் கடந்துவிட்டதம்மா" என்றார். பிறகு வெகுநேரம் அவர் பேசவேயில்லை.

அந்த விபத்துக்குப் பின் உல்லாசப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. ஆயினும் விடுமுறை நாளில் வருவோர், "ஒரு சுற்று போய் வரலாமே" என்று பணத்தை நீட்டுவதுண்டு. அப்பா மறுப்பார். முன்பு எங்களுக்குக் கோபம் வரும். இப்போது நாங்களே, "வேண்டாம் அண்ணா, கரையிலிருந்தே பாருங்கள்" என்கிறோம்.

ஆபத்து வந்தபின் ஓடுவது பெரிய உதவிதான். வராமல் தடுப்பதும் உதவியே என்பது எங்கள் தாழ்மையான எண்ணம்.