பொறியின் நாடி

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தை அடுத்த சந்து ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். பணியினின்று நீங்கிய பின்னும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். அடையாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே ஊரூர்க் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. விடியற்காலையில் ஆங்குச் சென்று, வலை உலர்த்தும் முதியோரிடம் காற்றின் பெயர்களையும் மீனின் பெயர்களையும் கேட்டுக் குறித்து வந்தார். வாடை, கொண்டல், கச்சான் என நூலறிந்தோர்க்கும் தெரிந்த சொற்கள் சில. அவர் பார்த்த அகராதிகளில் இல்லாத சொற்கள் பல. அவற்றைச் சொன்ன முதியோருள் சிலர் இன்று இல்லை. அக்குறிப்புகள் யாவும் ஒரு மடிக்கணினியில் இருந்தன. வேறு படி இல்லை.

அக்கணினி, தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மேனிலைப் பள்ளி மாணவனாக இருந்த பேரனுக்குக் கிடைத்தது. அவன் வேலைக்குச் சென்ற பின் பாட்டனாரிடம் சேர்ந்தது. அதன் பெரிய மின்கலம் என்றோ செயலிழந்துவிட்டது; கம்பி வழி வரும் மின்சாரத்தைக் கொண்டே அது இயங்கிற்று.

ஒருநாள் அதன் விசைப்பலகையில் சில எழுத்துகள் விழவில்லை. தியாகராயநகரில் ஒரு கடையில் புதுப்பலகை பொருத்தினர். எழுத்துகள் நன்றாக விழுந்தன. ஆனால் முன்பு ஒரு நிமிடத்தில் விழித்தெழுந்த கணினி, இப்பொழுது நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. “உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் சரியாகும்” என்றார் அண்டை வீட்டார். ஆசிரியரும் அதற்கு இசைந்துவிட்டார்! நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து தருதல் வேண்டும் என்னும் திருக்குறள் கருத்தைப் பல்லாண்டு வகுப்பில் விளக்கியவர் அவர். தம் வீட்டுப் பொறி நோயுற்றபோது அஃது அவர் நினைவுக்கு வரவில்லை.

பத்தாம் வகுப்பில் பயிலும் பேத்தி குறுக்கிட்டாள். “தாத்தா, அழித்தால் உங்கள் சொற்களும் போய்விடுமே!” என்றாள். ஆசிரியர் திடுக்கிட்டார். அவள் முதற்கண் அக்குறிப்புகளை ஒரு விரலளவுச் சேமிப்பானில் படியெடுத்தாள். பிறகு கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கணினியை இயக்கினாள்.

விசையை அழுத்தியவுடன் கணினி தன் வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றிலிருந்து அடிப்படை நிரல் எழுந்து, நினைவகம், விசைப்பலகை முதலிய உறுப்புகளைச் சோதிக்கும்; பின்பு இயக்க நிரல் எங்கே உள்ளது எனத் தேடும்; கண்டபின் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். காலம் கழிவது ஒப்படைப்பதற்கு முன்னா, பின்னா என்பதே கேள்வி. கருந்திரையில் வெள்ளெழுத்துகள் தோன்றி மூன்று நிமிடம் அப்படியே நின்றன. அதன் பின்னர் எல்லாம் பழைய ஒரு நிமிடத்திலேயே நடந்தேறின. ஆகவே, அழிக்க எண்ணிய வட்டின்மேல் குற்றமில்லை.

அவ்வெள்ளெழுத்துகளை அவள் கூர்ந்து படித்தாள். கணினி, இயக்க நிரலை வலையமைப்பின் வழியே வேறொரு கணினியிடம் கேட்டுக்கொண்டிருந்தது. பல கணினிகளை ஓரிடத்திலிருந்து ஆளும் அலுவலகங்களுக்கு உதவும் ஏற்பாடு அது. வீட்டில் விடை சொல்வார் யார்? காத்திருந்து சலித்த பின்னரே அது தன் வட்டை நாடியது. மற்றொன்றும் அவள் கண்ணிற் பட்டது: திரையின் மூலையில் இருந்த நாள், பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது.

இரண்டு குறிகளுக்கும் வேர் ஒன்றே. நாளையும், எதனை முதலில் தேடுவது என்னும் வரிசையையும், மின்சாரம் இல்லாத வேளையில் காத்து நிற்பது நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம். அது ஓய்ந்தால் பொறி யாவற்றையும் மறந்து, செய்தவர் முதலில் வகுத்த வரிசைக்கே திரும்பும்.

“ரிச்சித் தெருவுக்குப் போவோமா, அம்மா?” என்றார் ஆசிரியர். மின்னணு உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற தெரு அது. “வேண்டா, தாத்தா, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்” என்றாள் பேத்தி. மின்கம்பியை நீக்கி, அடிமூடியைத் திறந்து, பழைய கலத்தை எடுத்துச் சென்றனர். கடைக்காரர் அளந்து பார்த்தார். மூன்று வோல்ட்டு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை. “இது சிஆர் 2032, ஐயா. 20 என்பது குறுக்களவு 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர்” என்று சொல்லிப் புதியதைக் கொடுத்தார். பழுது பார்த்தவர் பொறியைத் திறந்தபோது இதனையும் அளந்திருக்கலாம்; கேட்ட வேலையை மட்டும் செய்தார் போலும்.

புதுக்கலத்தைப் பொருத்தி, நாளைத் திருத்தி, தேடும் வரிசையில் வட்டை முதலில் நிறுத்தினாள். கணினி ஒரு நிமிடத்தில் எழுந்தது. அந்த ஒரு நிமிடமும் மிகுதிதான். சுழலும் வட்டுக்கு மாற்றாக, நகரும் உறுப்பில்லாத சேமிப்பகம் வைத்தால் அதுவும் குறையும். அதன் விலையைக் கேட்ட ஆசிரியர், தீபாவளி கழியட்டும் என்றார்.

அன்று மாலை பேத்தி இன்னொரு படியும் எடுத்தாள். ஒன்றைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு, மற்றொன்றை அடையாற்றிலுள்ள அத்தை வீட்டிற்குக் கொடுத்தனுப்பினாள்.