இரவல் கோடரி



இந்த வாரம் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தை மறுபடி வாசித்தேன். ‘தீர்க்கதரிசிகளின் புத்திரர்’ என்று அதில் அடிக்கடி வரும். சின்ன வயதில் பெற்ற பிள்ளைகள் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை, அவர்கள் சீடர்கள். பெத்தேல், எரிகோ, கில்கால் என்று ஊருக்கு ஊர் கூட்டமாக இருந்தவர்கள். எரிகோவில் மட்டும் 50 பேருக்குக் குறையாது.

என்ன படித்தார்கள் என்பதைவிட எப்படிப் பிழைத்தார்கள் என்பதைத்தான் வேதம் நிறையச் சொல்கிறது. ஒருவர் கடனோடு செத்துப்போகிறார்; கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வருகிறான். பஞ்ச காலத்தில் ஒருவர் தெரியாமல் பேய்க்கொம்மட்டிக் காயை அரிந்து கூழ்ப்பானையில் போட, எல்லோரும் அலறுகிறார்கள். எலிசா மாவைப் போட்டுச் சரிசெய்கிறார். எங்கள் டீச்சர் டிரெய்னிங் விடுதிச் சாம்பாருக்கு எந்த எலிசாவும் வரவில்லை!

இருந்த இடம் நெருக்கமாகிவிட, யோர்தான் கரைக்கு மரம் வெட்டப் போகிறார்கள். அங்கே ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுகிறது. இரவல் வாங்கியது. இரும்பு விலை கூடின காலம். அவன் பதறுகிறான். எலிசா திட்டவில்லை, எங்கே விழுந்தது என்று மட்டும் கேட்கிறார். அவன் இடத்தைக் காட்டுகிறான். ஒரு கொம்பை வெட்டி அங்கே எறிய, இரும்பு மிதக்கிறது.

இதை வாசித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆறாம் வகுப்பில் ஒரு பையன். பக்கத்துப் பையனிடம் இரவல் வாங்கின ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டான். அழுதுகொண்டே என்னிடம் வந்தான். அடுத்தவன் பொருளை ஏன் வாங்கினாய் என்று நாலு பேர் முன்னால் திட்டி, சாயங்காலம் வரை வெளியே நிற்கவைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அவன் அம்மாதான் வந்தார்கள், முந்தானை முடிச்சில் காசோடு. எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி அந்தப் பையன் கையில் கொடுத்தேன். அவர்கள் களையெடுக்கப் போகிறவர்கள். ஒரு வாரம் கழித்துத்தான் அவன் பள்ளிக்கு வந்தான். அதன்பிறகு என்னிடம் சந்தேகம் கேட்டதே இல்லை.

அது டிரெய்னிங்கில் கற்றுக்கொடுத்த கண்டிப்பு என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே யாரும் அப்படிக் கற்றுத்தரவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி, நீ இதை வாசித்தால் டீச்சருக்கு ஒரு போன் போடு. அன்றைக்குக் கேட்காமல் விட்டேன், அந்த பாக்ஸ் எங்கேப்பா விழுந்தது?