ஒரு பல்லும் உடையவில்லை

நான் செய்த வாரிக்கு 22 பல். இரண்டு நாள் ஓட்டியதில் ஒன்றுகூட உடையவில்லை, வளையவும் இல்லை. அதை டீக்கடையில் சொன்னேன், பால் சொசைட்டியில் சொன்னேன், பஸ்ஸுக்கு நின்றவர்களிடமும் சொன்னேன். கேட்டவர்கள் "அப்படியா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது 22 வயது. பல்லுக்கு ஒன்று வீதம் சரியாக இருந்தது.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், குடிபாலாவுக்குப் பக்கம். 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை இந்தப் பக்கமெல்லாம் வட ஆர்க்காடு. அதனால் வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, மாட்டிடம் இரண்டும் கலந்து பேசுவோம். அப்பாவை நைனா என்போம். செம்மண் பூமி. ஒரு கை மண் அள்ளினால் அதில் நாலு வெங்கச்சங்கல் இருக்கும். மழையை நம்பிய கொல்லை, ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் எடுக்கும் வேர்க்கடலை.

கடலை எடுப்பது கெடுபிடியான வேலை. நாங்கள் போட்டது கொத்துக்கடலை, திண்டிவனம்-2. குடியாத்தம் கொத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட ரகம். கொத்துக்கடலைக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய பிறகு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மழை பெய்யாவிட்டால் செம்மண் இறுகிப்போய், கொடியைப் பிடுங்கும்போது விழுது அறுந்து காய் உள்ளேயே நின்றுவிடும். முதலில் குண்டகா கட்டி, கத்தியை அடியில் விட்டுக் கொடியைக் கிளப்புவோம். பிறகு பெண்கள் குனிந்து கொடியை வாரி, மண்ணை உதறி, வரிசையாகப் போடுவார்கள். காலையில் குனிந்தவர்கள் சாயங்காலம்தான் நிமிர்வார்கள். அம்மாவும் அந்த வரிசையில்தான் இருப்பாள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். படித்த காலத்தில் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அமெரிக்க வைக்கோல் வாரியின் படம் பார்த்திருந்தேன். பெரிய இரண்டு சக்கரம், நடுவில் ஓர் ஆள், முன்னால் குதிரை, பின்னால் கருக்கரிவாள் மாதிரி வளைந்த பற்கள் வரிசையாக. ஆரம்பத்தில் மரப்பல் வைத்தார்கள், அப்புறம் எஃகுக் கம்பிக்கு மாறினார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பற்களின் மேல்நுனியில் கம்பி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

குதிரைக்குப் பதில் மாடு, வைக்கோலுக்குப் பதில் கடலைக்கொடி. அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். பற்களை மண்ணில் ஓர் அங்குலம் இறக்கினால், அறுந்து நிற்கும் காயையும் சேர்த்து வாரிவிடலாமே என்று தோன்றியது. ஒரே கருவி, இரண்டு வேலை. திருப்பதி வேளாண் ஆய்வு நிலையத்தில் கடலை ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். அங்கே ஒருவர் பொறுமையாக என் வரைபடத்தைப் பார்த்தார். ஒரு காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே கறுத்திருந்தால் காய் முற்றிவிட்டது என்று அர்த்தமாம். அந்தப் பதத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போது எடுத்தால் விழுது அவ்வளவாக அறாது என்றார். நான் கேட்கப் போனது பல்லைப் பற்றி. அவர் சொன்னது நாளைப் பற்றி. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் கட்டடக் கம்பியில் ஒரு பல் செய்து பார்த்தேன். வெங்கச்சங்கல்லில் பட்டதும் வளைந்து அப்படியே நின்றது. மென் எஃகு, அதற்கு மீளத் தெரியாது. அப்போதுதான் லாரியின் வில் பட்டா நினைவுக்கு வந்தது. அம்மாவின் சீட்டுப் பணத்தை வாங்கிப் போய், சித்தூரில் பழைய இரும்புக் கடையில் எட்டுப் பட்டா எடுத்தேன். பட்டறையில் கொடுத்து, 20 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக அறுத்தேன். கனம் 10 மில்லிமீட்டர்.

எங்கள் ஊர் ஆசாரி தாத்தாதான் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். தண்ணீரில் தோய்த்தால் இது கண்ணாடி மாதிரி தெறிக்கும் என்று எண்ணெயில் தோய்த்தார். பிறகு மறுபடி உலையோரம் காட்டி, மஞ்சள் போய், பழுப்புப் போய், நீலமும் ஓடி மறைந்த பிறகே இறக்கினார். அதெல்லாம் எனக்குப் பாடத்தில் இருந்ததால் தலையாட்டினேன். சட்டத்தில் பற்களைப் பொருத்தும்போதுதான் தகராறு.

"இன்னாத்துக்குப்பா நிக்க வெக்கிற? படுக்க வெச்சு மாட்டு."

"படுக்க வெச்சா வளையும் தாத்தா."

"வளைஞ்சா இன்னா? அப்பால நிமிந்துக்கும்."

நான் சாக்குக்கட்டி எடுத்துத் தரையில் கணக்குப் போட்டேன். ஒரு பட்டையின் விறைப்பு அதன் ஆழத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதே கீற்றைக் கால் திருப்பம் திருப்பி, 20 மில்லிமீட்டர் பக்கம் இழுக்கும் திசையில் நிற்கும்படி வைத்தால் நாலு மடங்கு விறைப்பு. காசு செலவில்லாமல் நாலு மடங்கு! தாத்தா என் கணக்கைப் பார்த்தார். "லாரியில இது எப்படிப் படுத்துக்குனு கீதுன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பீடி பற்றவைக்கப் போய்விட்டார். நான் நிறுத்தித்தான் மாட்டினேன். 22 பல்லையும்.

எங்களிடம் ஒரு ஜோடி. வலத்தில் மயிலை, இடத்தில் செவலை. மயிலை கொஞ்சம் சோம்பேறி, வால் முறுக்காமல் நகராது. செவலை அப்படியில்லை. பாரம் கூடினால் தானே முன்னால் சாய்ந்து இழுக்கும். முதல் நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கொடி குவிந்து வந்தது. நெம்புகோலைத் தூக்கினால் வரிசையாக விழுந்தது. அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தம். பல் ஏதோ கல்லில் பட்டு, கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பற்களைப் பார்த்தேன். நேராக நின்றன. ஒவ்வொரு முறையும் பின்னால்தான் பார்த்தேன்.

பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி, "கொடி வருது தம்பி, காய் நிக்குது" என்றாள். விறைத்த பல் கொடியை இழுத்த இழுப்பில் காய் உதிர்ந்துகொண்டிருந்தது. பல்லைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் அதுவும் வந்துவிடும் என்று இன்னும் அரை அங்குலம் இறக்கினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை. பனி இருந்தது. நைனா நுகத்தடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தார். அதற்கு மேல் அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மயிலை அதட்டினால் வரும். செவலை நுகத்தைக் கண்டதும் தானே வந்து தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து நிற்கும். கன்றிலிருந்து பழக்கம்.

அன்று அது வரவில்லை.

நைனா நாக்கைத் தட்டினார். செவலை ஓர் அடி பின்னால் வைத்தது. முரண்டு பிடிக்கவில்லை, கொம்பை ஆட்டவில்லை. ஓர் அடி பின்னால் வைத்து, அங்கேயே நின்று அவரைப் பார்த்தது. அவர் நுகத்தைத் தரையில் வைத்தார். பக்கத்தில் போய், திமிலுக்கு முன்னால் உள்ளங்கையை மெதுவாக வைத்தார். மாட்டின் தோல் அந்த இடத்திலிருந்து முதுகு முழுக்கச் சிலிர்த்து ஓடியது. கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தொட்டுப் பாரு."

தொட்டேன். அந்தக் குளிரில் அந்த இடம் மட்டும் அடுப்புப் பக்கம் மாதிரி சுட்டது. வீங்கியிருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது. வெளிச்சம் வந்த பிறகு அது என்ன என்று தெரிந்தது. கொட்டகைக்கு வெளியே வாரி நின்றது, 22 பல்லும் பனியில் பளபளத்துக்கொண்டு. ஒவ்வொரு 'டக்'கும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் எனக்கு எண்ணத் தோன்றியது. இரண்டு நாளில் எத்தனை இருக்கும்? நான் எண்ணவில்லை. செவலைதான் எண்ணியிருக்க வேண்டும்.

நைனா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் கணக்கு இருந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டார். கால்நடை டாக்டர் வந்து, புண் ஆறும்வரை நுகம் கூடாது என்றார். மேட்டுக் கொல்லையில் கொள்ளு விதைக்க வேண்டிய வாரம் அது. கடலை எடுத்த கையோடு இருக்கிற ஈரத்தில் தெளித்து உழுதால்தான் கொள்ளு. ஊரில் எல்லார் மாடும் அவரவர் கொல்லையில். எங்களுக்கு ஜோடி கிடைத்தபோது மண்ணில் ஈரம் இல்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கொள்ளு ரசம் வைக்கக்கூடக் கடையில்தான் வாங்கினோம். உதிர்ந்து நின்ற காயை அம்மாவும் மற்றப் பெண்களும் களைக்கொத்தால் கிளறிப் பொறுக்கினார்கள். அவர்கள் முதுகை நிமிர்த்தத்தானே நான் வாரி செய்தேன்.

அம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள். மாட்டுக்குக் குணமானால் பிள்ளை மலைக்கு வந்து முடி கொடுப்பான் என்று. அது நேர்த்திக்கடனா தண்டனையா என்று நான் கேட்கவில்லை. புண் காய்ந்ததும் திருமலை போய், கல்யாணகட்டாவில் உட்கார்ந்தேன். நாவிதர் தலையை நனைத்து, "என்ன வேண்டுதல் தம்பி?" என்றார். "மாட்டுக்கு" என்றேன். கொஞ்சம் சிரித்தார். சொந்தத் தவறு என்று சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

மலையிலிருந்து இறங்கியதும் ஆசாரி தாத்தாவிடம் போனேன், மொட்டைத் தலையோடு. அவர் தலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகக் கழற்றி, பிடியை மாற்றிப் படுக்க வைத்து மாட்டினோம். பல் அதேதான், இரும்பு அதேதான், கால் திருப்பம்தான் வித்தியாசம்.

அன்று ராத்திரி, போட வேண்டிய கணக்கைப் போட்டேன். ஒரு ஜோடி மாடு நாள் முழுக்கத் தாங்கி இழுப்பது, தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எங்கள் மயிலையும் செவலையும் சேர்ந்து 600 கிலோ இருக்கும். அப்படியென்றால் 60 கிலோ. நான் நிறுத்தி வைத்த ஒரே ஒரு பல் கல்லில் மாட்டி, 4 சென்டிமீட்டர் வளைந்து விலக 75 கிலோ வேண்டும். ஒரு பல்லுக்கே இரண்டு மாட்டின் பலமும் போதாது. படுக்க வைத்தால் 20 கிலோகூட வேண்டாம். வளைந்து, கல்லைத் தாண்டி, மறுபடி நிமிர்ந்துவிடும். அமெரிக்கப் படத்தில் பார்த்த கம்பிச் சுற்று எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்தப் படத்தில் குதிரைக்குத் தோளோடு அணைத்து மெத்தை வளையம் போட்டிருந்தார்கள், பாரம் இரண்டு தோளிலும் பரவும். எங்கள் மாட்டுக்கு ஓர் உருட்டுக்கட்டை, உள்ளங்கை அகலக் கழுத்து. படத்தில் பின்பாதியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் மண் ஈரம் பார்த்து, காயை உடைத்து உள்ஓடு பார்த்து எடுத்தோம். வாரி கொடியை மட்டும் வாரியது. பல்லை மண்ணில் இறக்கவில்லை. சில பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. தாத்தா கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். டீக்கடையில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு வருஷம் கழித்து, கொல்லையில் மாங்கன்று நட்டோம். எங்கள் பக்கம் நிறையப் பேர் மாவுக்கு மாறிய காலம். ஜோடிக்கு வேலை இல்லை. நைனாவும் நானும் ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப் போனோம். தரகர் செவலையின் பல்லைப் பிடித்து வயது பார்த்தார், குளம்பைப் பார்த்தார், கழுத்துக்கு வந்ததும் நின்றார். சிவப்புத் தோலில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. புண் ஆறிய இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைத்திருந்தது.

"இது இன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா, "நுகம் பட்டது" என்றார். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே அவர் விரல்களைப் பிடித்தார். எத்தனை விரல் குறைந்தது என்று நைனா இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

மலையில் கொடுத்த என் முடி மூன்றே மாதத்தில் முளைத்துவிட்டது, கறுப்பாகவே.