மல்லேஸ்வரத்துக் கடலையும் மண்ணின் ஈரமும்

கார்த்திகையில் மல்லேஸ்வரத்துக் காடு மல்லேசுவரர் கோயிலருகே கடலேகாய் பரிஷே என்னும் நிலக்கடலைச் சந்தை கூடும். 1898-ஆம் ஆண்டுப் பிளேக்கிற்குப்பின் பெருகிய பேட்டை இது. குவியும் கடலையோ மானாவாரிச் செம்மண்ணின் விளைவு.

அம்மண் மழைக்குப்பின் ஓடுபோல் இறுகும். மறுமழை உள்ளிறங்காது வழிந்தோடும். கடலையின் விழுதும் புகமாட்டாது. ஆதலின் கோடையுழவும், சரிவுக்குக் குறுக்கே உழுதலும், பயிரிடையே களைகொத்தலும் வேண்டும்.

ஒரு பலப் புழுதி காற்பலமாகக் காயும்படி உழுதால் பிடியெருவும் வேண்டா என்கிறது குறள். உலர்த்தினால் ஈரம் நிற்குமோ? நிற்கும், உலர்ந்த மேற்புழுதி அடியீரத்திற்குப் போர்வையாகிறது. மாவாக உழுதல் மட்டும் கேடே. அடுத்த மழை அதனை மீண்டும் ஓடாக்கிவிடும்.

ஊர்நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவந்த நம்மவர், விளைச்சலைப்பற்றிக் கடிதம் எழுதுமுன், கோடையுழவு நடந்ததா என்று கேட்டெழுதலாம்.